மருந்தும் அது சென்று சேரும் வழியும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டு நிறைவைக் கொண்டாடும் இம்மேடையில் வாழ்த்துரைகள் பல கேட்டோம். அவற்றின் நடுவே புற்றுநோய் மருந்தைப் பற்றியும், கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களைப் பற்றியும் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். 'நம் தெருவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று சிலர் மனத்திற்குள் கேட்கவும் கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

புற்றுநோய் என்பது வெளியிலிருந்து வந்து புகுந்த ஒரு கிருமியன்று. நம் உடலின் உயிரணுக்களே கட்டுப்பாட்டை இழந்து, வேண்டாத இடத்தில் வேண்டாத அளவில் பெருகுவதே அந்நோய். வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்கும்படி அதற்கு மருந்து கண்டார்கள். ஆனால் நலமான உடலிலும் வேகமாகப் பெருகும் உயிரணுக்கள் உண்டு. மயிர்க்கால்களிலும், குடலின் உட்சுவரிலும், இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையிலும் அவை இருக்கின்றன. நரம்பில் ஏற்றிய மருந்து இரத்தத்தோடு உடலெங்கும் ஓடுவதால் அவ்விடங்களையும் தாக்குகிறது. முடி உதிர்கிறது, வாந்தி வருகிறது, இரத்த அணுக்கள் குறைகின்றன.

இதனைக் கண்ணுற்ற நம் மக்கள், 'நோய் கொல்லவில்லை, மருந்துதான் கொன்றது' என்று பேசுவதைக் கேட்டிருக்கிறோம். கூலி வேலையை விட்டு மாதம் ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டியவர், இரண்டு முறை சென்று, மூன்றாம் முறை நின்றுவிடுகிறார். அவர் அறிவற்றவர் அல்லர். மருந்து ஏன் அவ்வாறு துன்புறுத்துகிறது என்பதை அவருக்குப் புரியும் மொழியில் எவரும் கூறவில்லை, அவ்வளவே. ஆதலின் இந்த அறிவு நம் தெருவுக்கு வேண்டிய அறிவேயாகும்.

இனி, ஒரு மருந்து போதாதா, பல மருந்துகள் ஏன் என்பதைப் பார்ப்போம். காசநோய்க்கு மருந்து உண்டவர் நம்மில் பலருண்டு. பல மாத்திரைகளை ஒருசேர 6 மாதம் தவறாது உட்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரே மருந்தைக் கொடுத்தால், அதற்கு அடங்காத சில கிருமிகள் பிழைத்துப் பெருகிவிடும். வெவ்வேறு வழிகளில் தாக்கும் மருந்துகளை ஒருங்கே கொடுத்தால் ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றில் மாட்டும். புற்றுநோய்க்கும் இதே நியாயம் பொருந்தும்.

புற்றுநோய் மருந்தின் வரலாற்றில் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கதராடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, உரிய பட்டத்தைப் பெறாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார் என்பது வரலாறு. 1923இல் அமெரிக்கா சென்ற அவர், பின்னர் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுத் தலைவரானார். அவர் குழுவினர் ஆக்கிய அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொண்டு, பாஸ்டன் நகர் டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு நோய் தணியக் கண்டு, 1948இல் வெளியிட்டார். அத்தணிவு சில மாதங்களே நிலைத்தது. ஆயினும் மருந்தால் இந்நோயை அசைக்க முடியும் என்பது அன்று உறுதிப்பட்டது. அதே குழுவினர் ஆக்கிய மெத்தோட்ரெக்ஸேட் இன்றளவும் பயன்பட்டு வருகிறது.

அந்த மெத்தோட்ரெக்ஸேட்டைக் கையில் எடுத்த மற்றொருவரைப் பற்றி இந்த அவையில் கூறியே ஆகவேண்டும். அவர் பெயர் டாக்டர் ஜேன் ரைட், கறுப்பினப் பெண்மணி. அவருடைய தந்தைவழிப் பாட்டனார் அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் மருத்துவப் பட்டம் பெற்றவர். தந்தை டாக்டர் லூயி ரைட் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது, வெள்ளையர் மருத்துவமனையில் மகப்பேறு பார்க்கும் பயிற்சிக்கு அவருக்கு இடமில்லை என்றார்கள். 'மற்ற மாணவர்க்கு உள்ளது எனக்கும் வேண்டும்' என்று நின்று, அவ்வுரிமையைப் பெற்று, 1915இல் பட்டம் பெற்றார். அதே 1915ஆம் ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார்கள் என்பதை நம் இளைஞர்கள் சேர்த்து நினைவிற்கொள்ள வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத இரு மனிதர்கள், ஒரே காலத்தில், பூட்டிய கதவுகளைக் கல்வியால் திறந்துகொண்டிருந்தார்கள்.

லூயி ரைட் 1948இல் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் புற்றுநோய் ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார். மகள் ஜேன் அங்கே அவரோடு உழைத்தார். மெத்தோட்ரெக்ஸேட் இரத்தப் புற்றுநோய்க்கு மட்டுமன்றி, மார்பகப் புற்றுநோய் போன்ற கட்டிகளுக்கும் பயன்படும் என்பதை 1951இல் எடுத்துக்காட்டினார். தந்தை 1952இல் மறைந்தபின் மையத்தின் தலைமையை ஏற்றார். நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த திசுவை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று சோதித்தார். பல மருந்துகளைச் சேர்த்தும் வரிசைப்படுத்தியும் கொடுக்கும் முறைகளை ஆராய்ந்தார். மெல்லிய குழாய் வழியே மருந்தைக் கட்டி உள்ள இடத்திற்கே கொண்டு செலுத்தவும் முயன்றார். 1964இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தை நிறுவிய எழுவருள் ஒரே பெண்மணி அவரே. 'எந்த மருந்து' என்பதோடு, 'எதனோடு சேர்த்து, எவ்வழியே' என்றும் கேட்டவர் அவர். அக்கேள்வியின் தொடர்ச்சியே இன்றைய நுண்துகள் மருத்துவம்.

ஏறத்தாழ அதே காலத்தில், ஃபிரை, ஃபிரைரைக், ஹாலண்டு முதலிய மருத்துவர்கள் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு நான்கு மருந்துகளை ஒருங்கே கொடுக்கத் துணிந்தார்கள். பலர் அதனை எதிர்த்தார்கள். ஆனால் சேர்க்கை மருத்துவமே அந்நோயைக் குணப்படுத்தும் வழியாக நிலைபெற்றது.

சேர்க்கை மருத்துவத்தில் ஒரு பெருஞ்சிக்கல் உண்டு. கட்டட வேலை அறிந்தோர் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். காங்கிரீட்டுக்கு 1:2:4 என்னும் கணக்கை நீங்கள் அறிவீர்கள். சிமெண்டு ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு. கீழே சரியான கணக்கில் கலந்துவிட்டு, மேலே ஏற்றும்போது சிமெண்டு பாதி வழியிலேயே சிந்திவிட்டால் கூரை நிற்குமா? கலந்த இடத்துக் கணக்கு கொட்டும் இடத்திலும் இருந்தால்தான் கூரை நிற்கும். இரண்டு மருந்துகளைச் சரியான விகிதத்தில் நரம்பில் ஏற்றினாலும், ஒன்றைச் சிறுநீரகம் விரைந்து வெளியேற்றும்; மற்றொன்றைக் கல்லீரல் மெல்ல மாற்றும். நோயுற்ற உயிரணுவை அடையும்போது விகிதம் குலைந்திருக்கும். சில மருந்துகள் ஒரு விகிதத்தில் ஒன்றுக்கொன்று துணை செய்யும். வேறொரு விகிதத்தில் ஒன்றையொன்று கெடுக்கவும் செய்யும் என்பதை ஆய்வகத்தில் கண்டார்கள்.

இதற்குத் தீர்வாக வந்ததே நுண்துகள். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்; இரத்தச் சிவப்பணுவின் அகலம் ஏறத்தாழ 7,000. நாம் பேசும் மருந்துத் துகளோ ஏறத்தாழ 100 நானோமீட்டரே. ஒரு சிவப்பணுவின் குறுக்கே எழுபது துகள்களை வரிசையாக நிறுத்தலாம்.

இத்துகள்களுள் முதலில் பயனுக்கு வந்தது லிப்போசோம் என்னும் கொழுப்புக் குமிழி. 1960களில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே அலெக் பாங்ஹாம் என்னும் அறிஞர் இதனைக் கண்டறிந்தார். முட்டையின் மஞ்சட்கருவில் உள்ளது போன்ற ஒருவகைக் கொழுப்பின் மூலக்கூறுக்குத் தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுக்கும். அதனை நீரில் கலக்கினால், தலைகள் நீரை நோக்கியும் வால்கள் ஒன்றோடொன்று மறைந்தும் நின்று, தாமே உருண்டைக் குமிழியாகிவிடும். அக்குமிழியினுள் மருந்தை அடைக்கலாம். அடைத்த மருந்து வழியில் சிந்தாது.

இக்குமிழி கட்டியை எவ்வாறு அறியும்? அதற்குக் கண்ணில்லை. ஆனால் புற்றுக்கட்டி அவசரத்தில் வளர்வது. அதற்கென முளைக்கும் இரத்தக் குழாய்களின் சுவரில் இடைவெளிகள் மிகுதி. நலமான குழாய்ச் சுவரைக் கடக்க இயலாத துகள், கட்டியின் ஓட்டைக் குழாய் வழியே கசிந்து உள்ளே தங்கிவிடுகிறது. இவ்வுண்மையை ஜப்பானின் மட்சுமுரா, மயேடா என்னும் இருவர் 1986இல் வெளியிட்டார்கள். வழியில் உடலின் காவல் அணுக்கள் துகளை அயற்பொருளென்று விழுங்கிவிடாதிருக்க, நீரை ஈர்க்கும் ஒரு பொருளால் அதற்கு மேற்பூச்சும் அமைத்தார்கள்.

இவ்வாறு உருவானதே டாக்ஸில். டாக்ஸோரூபிசின் என்பது சிவப்பு நிறமுடைய, வலிமை மிக்க மருந்து. ஆனால் இதயத்தைப் பாதிப்பது. எருசலேம் நகரின் பாரென்ஹோல்ஸ், கபிசோன் ஆகியோர் அதனைக் கொழுப்புக் குமிழியில் அடைத்தார்கள். 1995இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதனை ஏற்றது. இதயத்திற்கு வரும் கேடு குறைந்தது. ஆனால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் சிவந்து எரியும் புதிய தொல்லை ஒன்று வந்தது. அறிவியலில் வரவு மட்டும் எழுதும் கணக்கு இல்லை. செலவுப் பத்தியும் உண்டு.

ஒரு குமிழியில் ஒரு மருந்து என்பது போய், ஒரே குமிழியில் இரு மருந்துகள் என்பது அடுத்த படி. பெரியவர்களுக்கு வரும் கடுமையான இரத்தப் புற்றுநோய் ஒன்றுண்டு. அதற்கு 1970கள் முதலாகச் சைட்டரபின், டானோரூபிசின் என்னும் இரு மருந்துகளைத் தனித்தனியே ஏற்றி வந்தார்கள். கனடாவின் வான்கூவர் நகர ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் பல விகிதங்களில் சோதித்து, சைட்டரபின் மூலக்கூறு 5க்கு டானோரூபிசின் மூலக்கூறு 1 என்னும் விகிதத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை நிற்பதைக் கண்டார்கள். அந்த 5:1 விகிதத்திலேயே இரண்டையும் ஒரே குமிழியில் அடைத்தார்கள். கொட்டும் இடம்வரை கணக்குக் குலையாத காங்கிரீட்டைப் போல, குமிழி எலும்பு மஜ்ஜையை அடையும் வரை விகிதம் காக்கப்படுகிறது. வைக்ஸியோஸ் என்னும் அம்மருந்து 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது.

அதன் பயன் எவ்வளவு என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 60 முதல் 75 வயதுவரையுள்ள 309 நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். மருந்துகளைத் தனித்தனியே பெற்றவர்களில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 5.95 மாதம், குமிழியில் பெற்றவர்களுக்கு அது 9.56 மாதம். 5 ஆண்டு முடிவில் உயிரோடிருந்தோர் முன்னவருள் நூற்றுக்கு 8 பேர். பின்னவருள் 18 பேர். ஏற்றியவை அதே பழைய மருந்துகள்தாம். மாறியவை விகிதமும் வழியும் மட்டுமே. 18 என்பது பெரிய எண்ணன்று. ஆயினும் 8 என்பது 18 ஆனது அந்த வேறுபாட்டினால்தான்.

ஆயினும் இது சஞ்சீவி அன்று. குமிழியில் மருந்து பெற்றவர்களுக்கு இரத்த அணுக்கள் மீண்டு வரக் கூடுதல் நாட்கள் பிடித்தன. மேலும், கனடாவின் டொராண்டோ ஆய்வாளர்கள், பத்தாண்டுக் காலத்தில் வெளிவந்த விலங்குச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2016இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். செலுத்திய நுண்துகள்களில் கட்டியைச் சென்றடைந்தவை நூற்றுக்கு 0.7 பங்கு என்பதே நடுமதிப்பு. எஞ்சியவற்றில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆதலின், 'நானோ மருந்து' என்று பெயர் சொல்லி எவரேனும் புட்டியில் எதையாவது விற்க வந்தால் நம்பிவிடாதீர்கள். இது மருத்துவமனையில், மருத்துவரின் கண்காணிப்பில் ஏற்றப்படும் மருந்து, கடைத்தெருவில் கிடைப்பதன்று.

இவ்விடத்தில் ஓர் ஆசிரியர் என்ற முறையில் ஒன்று தோன்றாமல் இல்லை. செலுத்தியது நூறு, சேர்ந்தது ஒன்றுக்கும் குறைவு என்னும் இக்கணக்கு நமக்குப் புதியதா? நம் மக்களுக்கென அரசு ஒதுக்கும் உதவித்தொகை, விடுதி, மனைப்பட்டா, கடன் ஆகியவற்றுள் எத்தனை, உரியவர் வாசலை வந்தடைந்தன? வழியில் எத்தனை 'கல்லீரல்கள்' பிடித்து வைத்துக்கொண்டன? சட்டம் இயற்றினால் போதாது, அது சென்று சேரும் வழியையும் ஆராய வேண்டும் என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம். அதைத்தான் இன்று மருந்தியல் அறிஞர்கள் ஆய்வகத்தில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, 'இம்மருந்துகள் பணக்காரருக்குத்தானே?' என்னும் கேள்வி. விலை மிகுதி என்பது மெய். ஆனால் விலை என்பது தலைவிதியன்று; அது மனிதர் வகுத்தது, மனிதரால் மாற்றத்தக்கது. 2012இல் அமெரிக்காவிலேயே டாக்ஸில் தட்டுப்பாடு வந்தபோது, இந்தியாவின் சன் பார்மா நிறுவனம் தயாரித்த லிப்போடாக்ஸை இறக்குமதி செய்ய அந்நாட்டு அரசு அனுமதித்தது. அதே 2012இல் இந்தியக் காப்புரிமை அலுவலகம், சோராஃபெனிப் என்னும் புற்றுநோய் மருந்தைத் தயாரிக்க நாட்கோ நிறுவனத்திற்குக் கட்டாய உரிமம் வழங்கியது. அதனால் மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாயாக இருந்த விலைக்கு மாற்றாக, ஏறத்தாழ 8,800 ரூபாயில் அம்மருந்து கிடைத்தது. வேதியியல் கற்றவரும் சட்டம் கற்றவரும் சேர்ந்து செய்த வேலை இது. அவ்விரு வரிசையிலும் நம் பிள்ளைகள் போதிய அளவில் இருக்கிறார்களா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் ஏழைக் கறுப்பினத் தாய், கருப்பைவாய்ப் புற்றுநோயால் 31 வயதில் மறைந்தார். அவருடைய கட்டியிலிருந்து, அவர் அறியாமல் எடுத்த உயிரணுக்கள் ஆய்வகத்தில் இறவாமல் பெருகின. 'ஹீலா' என்னும் பெயரில் உலகெங்கும் சென்றன. புற்றுநோய் மருந்துகளை முதலில் சோதித்துப் பார்ப்பதற்கு அவை இன்றும் பயன்படுகின்றன. அவர் குடும்பத்தாருக்குப் பல ஆண்டுகள் எதுவும் தெரியாது. 2023இல்தான், அவ்வணுக்களால் பயனடைந்த நிறுவனம் ஒன்று குடும்பத்தோடு இணக்கம் செய்துகொண்டது.

ஜேன் ரைட்டும் ஹென்ரியெட்டா லாக்ஸும் ஒரே இனத்தவர், ஒரே காலத்தவர். ஒருவர் தம் அறிவை மருத்துவத்துக்குக் கொடுத்தார். மற்றவருடைய உடலின் பகுதியை அவர் அறியாமலே எடுத்துக்கொண்டார்கள். இருவருக்கும் இடையே நின்ற வேறுபாடு கல்வியும், கல்விக்குத் துணை நின்ற குடும்பமுமே அன்றி வேறில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் நெடுங்காலம் உடலுழைப்பையே கொடுத்து வந்தோம். இனி அறிவைக் கொடுப்போர் வரிசையிலும் நாம் நிற்க வேண்டும். அதற்காகத்தான் 25 ஆண்டுகளுக்கு முன்பு நம் பெரியோர்கள் இச்சங்கத்தைத் தொடங்கினார்கள்.

ஆதலின் மாணவர்களுக்கு ஒரு சொல். பிளஸ் டூவில் வேதியியலையும் கணக்கையும் கண்டு அஞ்சி ஒதுங்காதீர்கள். 5:1 என்னும் விகிதம் நீங்கள் ஏழாம் வகுப்புக்குள் கற்ற கணக்குத்தான். நீரில் கரைவதும் எண்ணெயில் கரைவதும் எது என்பது பள்ளிப் பாடம்தான். மருந்தியல், உயிர்வேதியியல், செவிலியம், மருந்தாளுநர் படிப்பு என்று வழிகள் பலவுண்டு. 'நம்மவருக்கு இது வராது' என்று எவரேனும் கூறினால், ஹார்வர்டில் லூயி ரைட் சொன்னதை நினையுங்கள்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், நகரத்தின் ஏழை நோயாளிகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியைச் சானடோரியத்திலும், மறு பகுதியை அவரவர் குடிசையிலும் வைத்து, ஒரே சேர்க்கை மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. குடிசையில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் நலம் பெற்றார்கள். உலகம் வியந்தது. ஏழையின் வீடு நோய்க்கு மட்டுமே இடம் என்றிருந்த எண்ணம் அன்று பொய்த்தது. மருந்து ஒழுங்காக வீடு சேர்ந்ததும், உட்கொள்கிறாரா என்று சென்று பார்க்க ஆட்கள் இருந்ததும் அவ்வெற்றிக்கு அடிப்படை.

அத்தகைய ஆட்களாக நம் இளைஞர்கள் ஏன் இருக்கலாகாது? சங்கத்தின் சார்பில் ஐந்தாறு பேர் கொண்ட குழு ஒன்று வேண்டும். ஆறாத புண், மார்பகக் கட்டி, காலந்தவறிய உதிரப்போக்கு ஆகியவற்றை மறைக்காமல் சொல்லும்படி தாய்மார்களிடம் பெண் உறுப்பினர்கள் பேச வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைப் பெற்றுத்தர வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1954இல் நிறுவிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்துக்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கோ நோயாளியோடு கூடச் செல்ல வேண்டும். மூன்றாம் முறை அவர் நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என்று. மருந்தை நுண்துகளாக்கி நோயின் வாசல்வரை கொண்டு சேர்க்கும் வேலையை அறிவியல் செய்துகொண்டிருக்கிறது. நோயாளியை மருந்தின் வாசல்வரை கொண்டு சேர்க்கும் வேலை நம்முடையது. வெள்ளி விழாக் கண்ட நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இத்துறையில் ஆய்வு செய்த ஒரு மகளோ மகனோ இம்மேடையில் நின்று, நாம் இன்று கூறியவற்றுள் பழையன கழித்துப் புதியன கூற வேண்டும். அதுவே நம் விருப்பம்.